இடது கைக்கு எத்தனை கட்டை

கடைக்காரர் இரண்டு கீபோர்டுகளையும் மேசைமேல் அக்கம்பக்கமாக வைத்தார். ஒன்றில் நாற்பத்தொன்பது கட்டை, இன்னொன்றில் அறுபத்தொன்று. ஒரே ஒரு ஸ்தாயிதான் வித்தியாசம். கையால் அளந்தால் ஒரு சாண்கூட வராது. அந்த ஒரு சாணுக்காக நானும் என் அண்ணனும் ஒரு சனிக்கிழமை முழுக்க ஈப்போ புது டவுனில் சண்டை போட்டுக்கொண்டு திரிந்தோம். கடைக்குள் போட்டோம், சாப்பாட்டுக் கடையில் போட்டோம், மறுபடி அதே கடைக்கு வந்து போட்டோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் காலர் பிரிவில் வேலை. நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. கழுவின தட்டையே மறுபடி கழுவுவேன், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டுவார். அப்பா இறந்தபின் அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அண்ணனுக்கு நகராண்மையில் லாரி ஓட்டும் வேலை. என்னைவிட எட்டு வயது மூத்தவர், நல்ல குரல். வார இறுதிகளில் அவர் லாரிக்காரர் அல்ல, பாடகர். எஸ்டேட் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் சினிமாப் பாட்டுப் பாடும் ஒரு குழுவை அவர்தான் நடத்தினார். அந்தக் குழுவில் ஒரே பெண் நான். ஆர்மோனியம் வாசித்தேன்.

ஆர்மோனியம் எனக்கு வந்ததே உட்காரத் தெரியாததால்தான். நாங்கள் எழுபதுகளில் எஸ்டேட்டில் இருந்தபோது வெள்ளிக்கிழமை பஜனையில் நான் நெளிந்துகொண்டே இருப்பேன். ஆர்மோனியம் வாசித்தவர் வேறு எஸ்டேட்டுக்கு மாறிப் போனதும் பெட்டி சும்மா கிடந்தது. இவளை அதன் முன்னால் உட்கார வைத்தால் கையாவது ஆடும், மற்றவர்கள் நிம்மதியாகப் பாடலாம் என்று யாரோ சொன்னார்கள். வலது கை கட்டையில், இடது கை துருத்தியில். எந்தப் பாட்டையும் இரண்டு தடவை கேட்டால் விரல் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்று வீடு கட்டினார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தபோது பஜனைக்காரர்கள் பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். இரும்பு ஆணி தேய்ந்து, பித்தளைப் பூண் கழன்று, இழுத்தால் மூச்சு வாங்கும் பெட்டி அது.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பெட்டி அலுத்துவிட்டது. சினிமாவில் வருகிற மாதிரி வயலின் கூட்டமாகக் கேட்க வேண்டும், புல்லாங்குழல் வேண்டும் என்றார்கள். காம்பாரில் ஒரு குழு கீபோர்ட் வாங்கியதும் எங்களுக்கு வர வேண்டிய நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக அங்கே போயின. போதாததற்கு எங்கள் பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. தீபாவளி முடிந்ததும் கிளம்புவதாகச் சொன்னார். கீழ்ச்சுருதியில் தும் தும் என்று தாங்குவதற்கு ஆள் இல்லாவிட்டால் எந்தப் பாட்டும் நொண்டும். அதனால்தான் கடைக்கு வந்தோம்.

கடைக்காரர் சீனர், அண்ணன் வயதுதான் இருக்கும். பெரியதில் ஒரு வசதி இருப்பதை மலாய் மொழியில் விளக்கினார். ஒரு பொத்தானை அழுத்தினால் இடது பக்கத்துக் கட்டைகள் பேஸ் கிட்டாராகப் பேசும், வலது பக்கம் வயலினாகப் பேசும். ஒரே ஆள் இரண்டு ஆளின் வேலையைச் செய்யலாம். சின்னதிலும் அப்படிப் பிரிக்கலாம், ஆனால் பிரித்தபின் வலது கைக்குப் போதுமான இடம் இருக்காது, மேல்ஸ்தாயிப் பாட்டில் விரல் மேசைக்குப் போய்விடும் என்றார். எனக்குப் பெரியதைத் தொட்டுப் பார்க்கும் வரை பொறுக்கவில்லை. வாசியுங்கள் என்று அவர் சொல்லும் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

அப்பப்பா, என்ன சத்தம் அது. ஒரு விரல் வைத்தால் பத்து வயலின் ஒன்றாக எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை முழுசாக வாசித்தேன். முடித்துக் கண் திறந்தபோது கடைக்காரர் என் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இடது கை காற்றில் இருந்தது. இல்லாத துருத்தியைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

“சத்து தாங்ஙான் சாஜா?” என்று அவர் கேட்டார். ஒரு கை மட்டும்தானா என்று.

கேலியாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு தமிழில், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில், சின்னதே போதும் என்று ஆரம்பித்தார். ஒரு கைக்கு எதற்கு அத்தனை கட்டை, தூக்கவும் லேசு, விலையும் குறைவு. பேஸுக்கு சித்தியவானில் ஒரு பையன் இருக்கிறான், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவன், அவனிடம் கேட்டு வைத்திருக்கிறேன் என்றார். நான் விடவில்லை. இடது கையைப் பழக்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் சண்டையைச் சாப்பாட்டுக் கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன்.

மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வந்தது. நான் தொடவில்லை. அவர் பிய்த்துக்கொண்டே, வாய்தவறித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

“ரெண்டு வருசமோ மூணு வருசமோ, நீ கல்யாணம் ஆகிப் போயிடுவ. பெருசா வாங்கி வச்சிட்டு அப்புறம் யாரு வாசிக்கிறது? இருக்குற வரைக்கும் சின்னது போதும்லா.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு சட்டி வாங்கும்போது எத்தனை பேருக்குச் சமைக்கப்போகிறோம் என்று யோசிப்போமே, அந்தக் குரலில் சொன்னார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் காலையிலிருந்து கட்டைகளைப் பற்றிப் பேசவே இல்லை. நான் எத்தனை நாள் தாங்குவேன் என்றுதான் அவர் அளந்துகொண்டிருந்தார். நாற்பத்தொன்பது என்பது போகப்போகிறவளுக்கு உரிய அளவு. அறுபத்தொன்று இருக்கப்போகிறவனுக்கு. பதினாலு வயதிலிருந்து அந்தக் குழுவில் வாசிக்கிறேன். அவர் தொண்டை கட்டினால் அவர் சொல்லும் முன்பே சுருதியை இறக்குகிறவள் நான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

குழுப் பணத்துக்கு மேல் ஆகிறதை நான் போடுகிறேன் என்றேன். மாதாமாதம் சீட்டாகக் கட்டிவந்த என்னுடைய கூட்டுப் பணம் அந்த மாதம் கைக்கு வந்திருந்தது. அம்மா அதை என் வளையலுக்கு என்று மனசில் எழுதி வைத்திருந்தார். அண்ணன் ரொட்டியை வைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். தீபாவளிக்குப் பிறகு சித்தியவானில் ஒரு கல்யாண விருந்து இருக்கிறது. அதில் பேஸும் பாட்டும் நான் ஒருத்தியே வாசிக்க வேண்டும். முடியாவிட்டால் கீபோர்ட் அந்த சர்ச் பையனுக்கு, நான் ஆர்மோனியத்தோடு ஓரமாக உட்கார வேண்டும். சரி என்றேன். இரண்டு பேரும் கடைக்குத் திரும்பிப் போனோம். கடைக்காரர் எதையும் கேட்காமல் பெரியதைப் பெட்டியில் போட்டார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் போட்டதைப் போல நான் என் கையோடு எப்போதும் சண்டை போட்டதில்லை. வலது கை பாட்டைத் தொடங்கியதும் இடது கை கட்டையை விட்டு எழுந்து காற்று அடிக்கப் போய்விடும். பிடித்து வைத்தால் வலது கை தடுமாறும். இடது கையைத் தனியாகப் பழக்கினால் ஒழுங்காகச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் பழைய குருடி கதவைத் திறடி. கோபத்தில் ஒருநாள் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அண்ணி அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டைகள் ரொம்ப லேசாக இருக்கின்றன, அதனால்தான் கை நிற்கவில்லை என்று நான் குறை சொன்னபோது, அண்ணன் லாரிச் சாவியைச் சுவரில் மாட்டிக்கொண்டே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முனகிவிட்டுக் குளிக்கப் போனார்.

சித்தியவான் பையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஒல்லியாக, மரியாதையாக, என்னை அக்கா என்று கூப்பிட்டான். உட்கார்ந்து இரண்டு கையாலும் தடங்கலே இல்லாமல் வாசித்தான். ஆனால் அவன் கால்கள் மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டே இருந்தன. சர்ச் ஆர்கனில் பேஸ் காலால் மிதிப்பதாம். அவனுடைய கால் இல்லாத மிதியைத் தேடியது, என்னுடைய கை இல்லாத துருத்தியைத் தேடியது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தவிர, தாளில் எழுதியதைத்தான் அவன் வாசிப்பான். அண்ணன் பாட்டின் நடுவில் சுருதியை இறக்கியபோது அவன் நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் அண்ணே என்று கேட்டான்.

வழி எனக்குத் தொழிற்சாலை பஸ்ஸில்தான் கிடைத்தது. நின்றுகொண்டு போகும்போது மனசுக்குள் ஒரு பாட்டு ஓடியது. மேலே கம்பியைப் பிடித்திருந்த இடது கை அதை இழுத்து இழுத்து விட்டது. நான் அதை முதல் தடவையாகத் திட்டாமல் பார்த்தேன். அது தாறுமாறாக அசையவில்லை. ஒவ்வொரு தாளத்தின் முதல் அடியில் ஓர் இழுப்பு, நடுவில் ஒரு சின்ன அழுத்தம், வரி முடியும் இடத்தில் ஒரு நீள மூச்சு. பத்து வருஷத்துக்கு மேலாக அது காற்று மட்டும் அடிக்கவில்லை, தாளமும் போட்டிருக்கிறது. எனக்குத்தான் அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்தேன். இடது கையை அடக்கவில்லை. அது போகிற இடத்துக்குப் போகட்டும், ஆனால் இறங்கும்போது கட்டையின்மேல் இறங்கட்டும் என்று விட்டேன். இழுப்புக்கு ஷட்ஜமம், அழுத்தத்துக்குப் பஞ்சமம். முதல் நாள் பத்தில் நாலு அடி சரியாக விழுந்தது. நான் அடுப்படிக்குப் போய் அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். அவர் கரண்டியை ஓங்கினார்.

சித்தியவான் கல்யாணம் ஓர் எஸ்டேட் மண்டபத்தில் மத்தியான விருந்தாக நடந்தது. தகரக் கூரை, கொதிக்கிற வெயில், மேடைக்குப் பக்கத்திலேயே ஆட்டுக்கறி அண்டா. பேஸ் கிட்டார்க்காரர் முந்தின வாரமே சிங்கப்பூர் போய்விட்டார். அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடத் தொடங்குமுன் மைக்கைப் பிடித்தபடி தலையை வலது பக்கம் லேசாகச் சாய்ப்பார். அங்கேதான் பேஸ்காரர் நிற்பார். கீழ்ச்சுருதி ஒன்று வரும், அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஆரம்பிப்பார். அன்றும் சாய்த்தார். அந்த இடத்தில் ஒலிபெருக்கி மட்டும்தான் இருந்தது. என் சுண்டுவிரல் கட்டையில் இறங்கியது. தும் என்று அந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆள் அங்கேயே நிற்கிற மாதிரி பாட்டை எடுத்தார். நான் எங்கேயும் தவறவில்லை என்று சொன்னால் அது பொய். மூன்றாவது பாட்டில் இடது கை ஒரு வரி முழுக்கக் காற்று அடித்தது. ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிமிரவில்லை. திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் பேசிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் கீபோர்ட் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வருஷம் எங்களுக்கு ஓய்வே இல்லை. காம்பார் குழுவின் நிகழ்ச்சிகளும் எங்களுக்கு வந்தன. சனி ஒரு எஸ்டேட், ஞாயிறு இன்னொன்று. கீபோர்ட் அக்கா வருகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் முன்பணம் கொடுத்தார்கள். அண்ணன் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்க ஆள் அனுப்பினார். அதற்கு முன் நான்தான் எல்லாருக்கும் வாங்கி வருவேன். இவ்வளவும் நான் கேட்டதுதான். ஆனால் என் கால்சக்கரம் என்னைச் சும்மா விடுமா? ஒரு வருஷம் போனதும் அதே பாட்டு, அதே தகரக் கூரை, அதே காலர் பிரிவு என்று எனக்கு மூச்சு முட்டியது. என்னோடு தைத்தவர்கள் ஒவ்வொருத்தியாகப் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குப் புந்தோங்கை விட்டு எங்கேயாவது போக வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் தைப்பிங்கிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அரசாங்க ஆபீஸில் கிளார்க். ஏதோ ஒரு கல்யாணத்தில் நான் வாசித்ததைப் பார்த்திருக்கிறார். பலகாரம் சாப்பிட்டு, காப்பி குடித்து, பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசி முடித்தபின் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ரெண்டு கையும் வேற வேற வாசிக்கிறப்ப எந்தக் கையப் பாப்பீங்க?”

“ரெண்டையும் பாக்க மாட்டேன். அண்ணன் தொண்டையப் பாப்பேன்” என்றேன்.

அவர் அதை யோசித்தார். சும்மா தலையாட்டாமல் நிஜமாகவே யோசித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அன்று சாயங்காலமே தைப்பிங் போவதற்கு எனக்கு மனசு பெட்டி கட்டிவிட்டது.

ஆனால் அங்கிருந்து ஒரு பதிலும் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். இன்னொரு வாரம் பொறுத்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். என்னைப் பிடிக்கவில்லையோ, நிறமோ, எடக்காகப் பதில் சொன்னேனோ என்று என்னையே அரித்துக்கொண்டேன். தொழிற்சாலையில் காலரைத் திருப்பித் தைத்துத் திட்டு வாங்கினேன். கடைசியில் அம்மாவுக்கே தாங்காமல், கீரை ஆய்ந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னார். அவர்கள் மறுநாளே சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அண்ணன்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். தைப்பிங்கில் எந்நேரமும் மழையாம், அந்த ஈரத்தில் கீபோர்ட் கெட்டுப்போகுமாம். அதற்கு முன்னால் காம்பாரிலிருந்து ஒரு வரனும், ஈப்போவிலேயே ஒரு வரனும் எனக்கே தெரியாமல் வந்து போயிருக்கின்றன. மாமியார் சரியில்லை, ஜாதகம் சரியில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். என்னை இருக்கப்போகிறவளாக எண்ண வேண்டும் என்று அந்தப் பெட்டிக்காகச் சண்டை போட்டேன். எண்ணிவிட்டார்கள். இப்போது விடமாட்டோம் என்கிறார்கள்.

அண்ணன் கூடத்தில் ஒலிபெருக்கி ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். நடந்துகொண்டே பேசுவதுதான் என் வழக்கம், அன்று நகரவே இல்லை.

“அண்ணே, அன்னிக்குச் சின்னது வாங்கியிருந்தா இந்நேரம் என்னை அனுப்பியிருப்பீங்கல்ல?”

அவர் ஒயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. முழுசாகச் சுற்றி முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினார். பெரியதை வாங்கியது நீதானே என்றார். ஆமாம், நான்தான் வாங்கினேன், அதே மாதிரி தைப்பிங்குக்குப் போவதும் நான்தான் முடிவு செய்கிறேன் என்றேன். அம்மா நாளைக்கே அவர்களுக்குச் சொல்லி அனுப்பட்டும் என்றேன். நிறுத்தாமல் சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை எப்படி என்று கேட்பார் என்று நினைத்தேன். உனக்குப் பிடித்திருக்கிறதா என்றாவது கேட்பார் என்று நினைத்தேன்.

“பொட்டி?” என்று கேட்டார்.

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் அளக்க முடியவில்லை. “அதுவும் வருது” என்றேன். நான் அதுவரை அப்படி நினைத்திருக்கவே இல்லை. குழுவுக்கே விட்டுவிட்டுப் போகத்தான் இருந்தேன். வாய் முந்திக்கொண்டது. சொன்னபின் மாற்றிக்கொள்ளும் ஆள் நான் இல்லை.

கல்யாணத்தை அண்ணன் குறையில்லாமல் நடத்தினார். பெட்டிக்குப் போட்ட குழுப் பணத்தைக் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது கையை மட்டும் ஆட்டினார். என் கல்யாணத்தில் அவர் பாடவில்லை. காம்பார் குழுதான் பாடியது. தைப்பிங் பஸ்ஸில் பெட்டி படியில் திரும்பாமல் மாட்டிக்கொண்டது. என் கணவர் கீழிருந்து தள்ள, நான் மேலிருந்து இழுக்க, கடைசி வரிசையில் ஒரு முழு ஆளுக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டு அது எங்களோடு வந்தது.

தைப்பிங்கில் நிஜமாகவே எந்நேரமும் மழை. பெட்டியைப் பாலித்தீன் உறையில் மூடி, அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தோம். அது கெடவில்லை. சில மாதங்களில் அங்கே இருந்த ஒரு குழு என்னைத் தேடி வந்தது. இரண்டு கைக்காகத்தான் வந்தார்கள். எத்தனை நாள் இருப்பேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் அண்ணனோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஈப்போவுக்குப் போனால் அவர் லாரியில் இருக்கும் நேரம் பார்த்துப் போவேன்.

ஒருநாள் அம்மா எங்களைப் பார்க்கத் தைப்பிங் வந்தார். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் சொன்னார். நான் போனபின் தன் கீபோர்டோடு வந்து குழுவில் வாசித்துக்கொண்டிருந்த அந்த சர்ச் பையன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டானாம். குழு இரண்டு மாதம் நின்றே போனதாம். பிறகு அண்ணன் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாகக் கடைக்குப் போய் ஒரு கீபோர்ட் வாங்கி வந்தாராம். நாற்பத்தொன்பது கட்டை. கையில் காசு இருந்தும் ஏண்டா சின்னது வாங்கினாய் என்று அம்மா கேட்டதற்கு, பெரிசாக வாங்கினால் ஆள் போகும்போது பாட்டே நின்றுபோகிறது, சின்னதென்றால் யார் போனாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்றாராம்.

அம்மா அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எனக்குப் பையன் பிறப்பானா பெண் பிறப்பாளா என்ற பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அதற்குமேல் ஒன்றும் காதில் விழவில்லை. அழுகை வந்தது. அண்ணன்மேல் இருந்த கோபத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை, ஆனாலும் அழுதேன். மறுநாள் அம்மாவோடு நானும் ஈப்போ பஸ் ஏறினேன். வயிற்றில் ஆறு மாதம், இப்போது எதற்கு என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

அண்ணன் வாசலில் லாரிச் சட்டையோடு நின்றிருந்தார். என் வயிற்றைப் பார்த்தார், பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கூடத்தில் அந்தச் சின்னது இருந்தது. ஆர்மோனியம் இருந்த இடத்தில், அதே ஸ்டூலின்மேல். நான் உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“வாங்கண்ணே, கடைக்குப் போலாம். இதக் குடுத்துட்டுப் பெருசா மாத்திக்கிட்டு வந்துடலாம். நான் பேசுறேன் கடைக்காரருகிட்ட” என்றேன்.

அண்ணன் என் பையைக் கீழே வைத்தார்.

“யாருக்கு?” என்று கேட்டார்.

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். அன்று அந்தச் சின்னதின் முன்னால் போய் நின்று, இடது கையை அதன் கட்டைமேல் வைத்தேன்.